ஆட்டோகிளேவின் முள் இரண்டு முறை பொய் சொல்லும்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களை, நீராவிச் சூட்டில் கிருமிகளைக் கொல்லும் இயந்திரமான ஆட்டோகிளேவை அணுகும் விதத்தை வைத்தே இரண்டாகப் பிரித்துவிடலாம். ஒரு சாரார் அது எந்த நிமிடமும் வெடித்துவிடும் என்பதுபோல் இரண்டடி தள்ளி நிற்பார்கள். இன்னொரு சாரார், "பெரிய சைஸ் குக்கர், அவ்வளவுதானே" என்று நேராகப் போய் மூடியில் கைவைப்பார்கள். நான் இரண்டாவது ரகம். பட்டுத்தான் திருந்தினேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

குக்கர் என்று சொல்வதில் தப்பொன்றும் இல்லை. 1679-இல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர், எலும்பும் மெத்தென்று வேகும்படி இறுக்கமான மூடி போட்ட பாத்திரம் ஒன்றைச் செய்தார். அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வும் அவருடைய யோசனைதான். இருநூறு ஆண்டு கழித்து, 1879-இல், லூயி பாஸ்டரோடு வேலை செய்த சார்ல் ஷாம்பர்லான் அதே பாத்திரத்தைக் கிருமிகளின் பக்கம் திருப்பினார். இன்று நாம் ஆட்டோகிளேவ் என்று சொல்வது அதன் வழிவந்ததுதான்.

கொதிக்கும் நீர் போதாதா, எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். சாதாரண பாக்டீரியாக்கள் கொதிநீரில் சில நிமிடங்களிலேயே செத்துவிடும், உண்மை. ஆனால் பேசில்லஸ், கிளாஸ்டிரிடியம் போன்ற இனங்கள் லேசுப்பட்டவை அல்ல. சூழல் சரியில்லை என்றால், தடித்த உறை போர்த்திய வித்துகளாக மாறி ஒடுங்கிக்கொள்ளும். ஸ்போர் என்று ஆய்வகத்தில் சொல்வது இவற்றைத்தான். இவற்றில் சில, மணிக்கணக்கில் கொதிக்கவைத்தாலும் தாக்குப்பிடிக்கும். நீங்கள் ஆறவைத்த மீடியா (கிருமிகளை வளர்க்கும் ஊட்டத் திரவம்) பாட்டிலில் அவை நிதானமாக முளைக்கும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தெளிவாக இருந்த திரவம் கலங்கிப்போய் இருக்கும்.

கொல்வது அழுத்தம் இல்லை

முதலில் தெளிய வேண்டிய விஷயம் இது. ஆட்டோகிளேவில் இருக்கும் அழுத்தம் எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. அந்த அளவு அழுத்தம் பாக்டீரியாவுக்கு ஒரு பொருட்டே இல்லை.

திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தீயைக் கூட்டினால் ஆவிதான் வேகமாக வெளியேறும். மூடியை இறுக்கிவிட்டால் ஆவிக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் ஏறுகிறது, அதோடு கொதிநிலையும் ஏறுகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 15 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு ஏறும்போது நீராவியின் வெப்பம் 121 டிகிரி. 30 பிஎஸ்ஐ வாக்கில் 134 டிகிரி. அழுத்தத்தின் பங்கு இவ்வளவுதான். நீராவியை அந்த உயரத்துக்குத் தூக்கிவிடும் ஏணி அது.

உண்மையில் வேலை செய்வது நீராவி. ஒரு கிராம் நீராவி குளிர்ந்த பொருளின்மேல் பட்டு நீராக மாறும்போது, ஏறத்தாழ 2,200 ஜூல் வெப்பத்தை அந்த இடத்திலேயே இறக்கிவிடுகிறது. ஒரு கிராம் சூடான காற்று நூறு டிகிரி குளிர்ந்தால்கூடத் தருவது சுமார் 100 ஜூல்தான். போதாக்குறைக்கு, ஈரம் இருந்தால் கிருமியின் புரதங்கள் சீக்கிரமே குலைந்துவிடும். அதனால்தான் வறண்ட சூட்டு அடுப்பில் 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலை, நீராவியில் 121 டிகிரியில் 15 நிமிடத்தில் முடிகிறது. நீராவி கையில் பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடுவதும் இதே கணக்கால்தான். தோலின்மேல் அது நீராக மாறுகிறது, அந்த வெப்பம் முழுவதும் அங்கேயே இறங்குகிறது.

இதைப் புரிந்துகொண்டால் பாதுகாப்பு விதிகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலான விதிகள், அழுத்தத்தைக் காட்டும் வட்ட மீட்டரின் முள் சொல்லும் இரண்டு பொய்களிலிருந்து வருகின்றன.

முதல் பொய்: "15 வந்துவிட்டது, எல்லாம் சரி"

மூடியைப் பூட்டும்போது உள்ளே இருப்பது நீராவி இல்லை, சாதாரணக் காற்று. அதை வெளியேற்றாமல் சூடாக்கினால், காற்றும் நீராவியும் சேர்ந்து அழுத்தம் கொடுக்கும். மீட்டர் இரண்டையும் கூட்டிக் காட்டுகிறது. எவ்வளவு நீராவியுடையது, எவ்வளவு காற்றுடையது என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது.

முழுக் காற்றும் வெளியேறியிருந்தால் 15 பிஎஸ்ஐ-க்கு 121 டிகிரி. மூன்றில் இரண்டு பங்கு வெளியேறியிருந்தால் 115. பாதிதான் போயிருந்தால் 112. காற்றே வெளியேறவில்லை என்றால் 100. நான்கு நிலையிலும் முள் 15-இல்தான் நிற்கும். வெறும் 9 டிகிரி குறைந்தால் என்ன என்று தோன்றும். வித்துகளுக்கு அந்த 9 டிகிரி மிகப் பெரிய சலுகை. அவை சாகும் வேகம், பத்து டிகிரிக்கு ஏறத்தாழப் பத்து மடங்கு மாறும்.

ஆகவே, மேலே திறக்கும் செங்குத்து வகை ஆட்டோகிளேவில், மூடியைப் பூட்டியதும், காற்றும் ஆவியும் வெளியேறும் வழியான வென்ட் வால்வைத் திறந்தே வைத்துச் சூடாக்க வேண்டும். முதலில் விட்டுவிட்டு, இருமுவதுபோல் ஆவி வரும். அது காற்றும் ஆவியும் கலந்தது. அப்புறம் ஒரே சீராக, இடைவெளி இல்லாத சீறலாக மாறும். அப்படி மாறியபின்னும் ஐந்திலிருந்து பத்து நிமிடம் விட்டுத்தான் வால்வை மூட வேண்டும். அவசரக்காரர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். தானியங்கி வகைகளில் இந்த வேலையை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். சிலவற்றில் வெற்றிட பம்ப் காற்றை உறிஞ்சி எடுத்துவிடும்.

இயந்திரத்துக்குள் காற்று போய்விட்டாலும், நீங்கள் வைத்த பொருளுக்குள் மாட்டிக்கொண்டிருக்கலாம். காற்று நீராவியைவிடக் கனமானது. நிமிர்த்தி வைத்த காலிக் குடுவைக்குள் அது கிண்ணத்தில் தண்ணீர் போலத் தங்கிவிடும். அதனால் காலிப் பாத்திரங்களைப் படுக்கவைத்து, வாய்ப்பக்கம் சற்றுக் கீழே சாய்ந்திருக்கும்படி வையுங்கள். கழிவுப் பையின் வாயை இறுக்கிக் கட்டினாலும் இதே கதிதான். பையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், வாயைத் தளர்வாக விட்டு, ஒழுகினால் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் தட்டில் வைக்க வேண்டும். உலர்ந்த கழிவாக இருந்தால் பைக்குள் கொஞ்சம் தண்ணீர் விடுவது நல்லது, அது உள்ளேயே ஆவியாகும். இப்படிப்பட்ட பைகளுக்கு 15 நிமிடம் போதவே போதாது. நடுப்பகுதி சூடேறவே நேரம் பிடிக்கும் என்பதால் ஒரு மணி நேரம் வரை வைப்பார்கள்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. 15 நிமிடம் என்பது சுவிட்ச் போட்ட நேரத்திலிருந்து இல்லை, 121 டிகிரியைத் தொட்ட நேரத்திலிருந்து. அதுவும் ஆட்டோகிளேவின் உள்ளறை மட்டும் அந்த வெப்பத்தைத் தொட்டால் போதாது, பாட்டிலின் நடுவில் இருக்கும் திரவமும் தொட வேண்டும். 100 மில்லி பாட்டில் சீக்கிரம் எட்டிவிடும். ஒரு லிட்டர் பாட்டில் பின்தங்கும், அதற்கு அரை மணிக்கு மேல் தேவைப்படும். சிறிய பாட்டிலையும் பெரியதையும் ஒரே சுற்றில் போட்டால், பெரியதன் நேரத்தைத்தான் பின்பற்ற வேண்டும். சிறியதில் உள்ள சர்க்கரை அதற்குள் பழுப்பேறிவிடும். தனித்தனியாகப் போடுவதே மேல்.

(உயரமான மலைப்பகுதியில் உள்ள ஆய்வகங்களுக்கு ஒரு சிறு குறிப்பு: மீட்டர் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். வெளியில் காற்றழுத்தம் குறைந்திருந்தால் 15-இல் 121 டிகிரி வராது. 300 மீட்டர் உயரத்துக்கு அரை பிஎஸ்ஐ வீதம் கூட்ட வேண்டும். எங்கே இருந்தாலும் வெப்பமானியை நம்புவதுதான் சரி.)

மூடியைப் பூட்டுவதற்கு முன்

30 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள ஒரு மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு சுமார் 707 சதுர சென்டிமீட்டர். 15 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். மொத்தமாகப் பார்த்தால், அந்த மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை சுமார் 745 கிலோ எடைக்குச் சமம். அதைத் தாங்கி நிற்பவை சில நட்டுகளும், மூடியோரம் ஆவி கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஒரு கேஸ்கெட்டும்தான். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள், ஒரு நட்டு காணாமல் போயிருந்தால் "பரவாயில்லை, மற்றது இருக்கிறதே" என்று சொல்லமாட்டார்கள்.

கேஸ்கெட்டை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு, விறைப்பு, ஒட்டிக்கொண்ட அகார் (ஆறினால் ஜெல்லிபோல் உறையும் மீடியா) துணுக்கு எதுவும் இருக்கக் கூடாது. ஹீட்டர் காயில் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் பார்க்க வேண்டும். நேற்று ஊற்றியது இன்று இருக்கும் என்று எண்ணக் கூடாது, வென்ட் வழியாகப் போன ஆவி முழுக்க அந்தத் தண்ணீர்தான். காயில் வறண்டால் எரிந்துபோகும். காய்ச்சி வடித்த நீர் ஊற்றினால் காயிலில் உப்புப் படியாது. நட்டுகளை வரிசையாக ஒரு பக்கமிருந்து முறுக்கிக்கொண்டு போகாமல், எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள். அப்போதுதான் மூடி சமமாக உட்காரும்.

பாதுகாப்பு வால்வு அடிக்கடி கசிகிறது என்பதற்காக அதில் எடையைக் கூட்டுவது, அடைப்பது, கம்பி போட்டுக் கட்டுவது எல்லாம் நடக்கிறது. செய்யவே கூடாது. கசிந்தால் அந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரைக் கூப்பிட வேண்டும். ஓடும்போது மூடியோரம் ஆவி சீறினாலும் அப்படித்தான். அழுத்தம் உள்ளே இருக்கும்போது நட்டை இன்னும் இறுக்கப் பார்க்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று ஆறவிடுங்கள்.

எதை உள்ளே வைக்கக் கூடாது என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு: சூடானால் இது என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். எத்தனால், அசிட்டோன் போன்றவை ஆவியாகித் தீப்பிடிக்கும். பிளீச் கலந்த கழிவு குளோரின் வாயுவைக் கக்கும், எஃகையும் அரிக்கும். "ஏற்கெனவே பிளீச் ஊற்றிவிட்டேன், எதற்கும் ஆட்டோகிளேவும் பண்ணிவிடலாம்" என்ற நல்லெண்ணத்தால் இது நடக்கும், எனவே கவனம். பீனால், குளோரோஃபார்ம் பட்ட பொருள்களும், கதிரியக்கப் பொருள்களும் கூடாது. பிளாஸ்டிக்கில் பாலிபுரொப்பிலீன் தாங்கும். பாலிஸ்டைரீனால் ஆன பெட்ரி தட்டுகள், அதாவது கிருமி வளர்க்கும் வட்டத் தட்டுகள், உருகிக் கட்டியாகிவிடும். அவற்றைக் கழிவாகப் பைக்குள் போடலாம், திரும்பப் பயன்படுத்தத்தான் முடியாது. கண்ணாடி என்றால் சூடு தாங்கும் போரோசிலிகேட் வகைதான். அதிலும் மயிரிழை விரிசல் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாம் பொய்: "பூஜ்யம் வந்துவிட்டது, திறக்கலாம்"

இனி என் கதை. அரை லிட்டர் அகார் பாட்டில்கள் நான்கு. நேரம் ஆகிவிட்டது, தட்டுகளில் ஊற்றக் காத்திருக்கிறார்கள். சுற்று முடிந்ததும் ஹீட்டரை நிறுத்தினேன். தானாக ஆறினால் முக்கால் மணி ஆகும் என்று வென்ட் வால்வை ஒரேயடியாகத் திறந்துவிட்டேன். புஸ்ஸென்று ஆவி போனது, இரண்டு நிமிடத்தில் முள் பூஜ்யம். மூடியைத் திறந்தேன். பாட்டில்கள் அசையாமல், சாதுவாக நின்றன. துணியை மடித்துப் பிடித்து ஒன்றைத் தூக்கினேன். தூக்கிய அசைவு போதுமானதாக இருந்தது. உள்ளே இருந்தது மொத்தமாகப் பொங்கி, துணி வழியாக மணிக்கட்டில் வழிந்தது. அகார் தண்ணீர் மாதிரி ஓடிப்போகாது, தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். தழும்பு இன்னும் இருக்கிறது.

நடந்தது என்ன? முள் பூஜ்யத்தைக் காட்டியபோது அது ஆட்டோகிளேவின் உள்ளறை அழுத்தத்தைச் சொன்னது. பாட்டிலுக்குள் இருந்த திரவத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. திரவம் இன்னும் 100 டிகிரிக்கு மேலே இருந்தது. அழுத்தம் போய்விட்டதால் அது கொதித்தாக வேண்டும். அசையாமல் நின்றதால் கொதிக்காமல் காத்துக்கொண்டிருந்தது, ஒரு தட்டு பட்டதும் பொங்கிவிட்டது. ஒரு லிட்டர் நீர் 121 டிகிரியிலிருந்து 100-க்கு ஒரேயடியாக இறங்க வேண்டுமானால், கிட்டத்தட்ட 40 கிராம் நீர் ஆவியாக வேண்டும். அந்த 40 கிராம் 60 லிட்டருக்கும் அதிகமான நீராவியாக விரியும். பாட்டிலின் சின்ன வாய் வழியாக அவ்வளவும் வெளியே வரப் பார்த்தால், கூடவே திரவத்தையும் இழுத்துக்கொண்டுதான் வரும்.

எனவே திரவம் வைத்த சுற்றில் வால்வைத் தொடாமல், அழுத்தம் தானாக இறங்க விடுங்கள். தானியங்கி இயந்திரத்தில் திரவத்துக்கென்று தனிச் சுற்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கருவிகளுக்கான வேகச் சுற்றையோ வெற்றிடச் சுற்றையோ தவறிப் போட்டால், பாட்டிலில் இருந்த மீடியாவில் பாதி உள்ளறையின் தரையில் கிடக்கும். பாட்டில்களை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடியை அரைத் திருப்பு தளர்த்தியே வையுங்கள். இறுக மூடிய பாட்டில் உள்ளே ஒரு குட்டி ஆட்டோகிளேவ், அதற்குப் பாதுகாப்பு வால்வும் கிடையாது. வெளியே எடுக்கும்போது வெடித்தால் கண்ணாடித் துண்டும் கொதிநீரும் சேர்ந்து முகத்துக்கு வரும்.

முள் பூஜ்யம் ஆனபின் வென்ட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஆவி எதுவும் சீறவில்லை என்று காதால் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். முள் சிக்கிக்கொண்டு பொய்யாகப் பூஜ்யம் காட்டும் மீட்டர்களும் உண்டு. வெகுநேரம் ஆறவிட்டால் நேர்மாறாக உள்ளே வெற்றிடம் உருவாகி மூடி கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அப்போதும் வென்ட்டைத் திறந்து காற்றை உள்ளே விட்டால் சரியாகிவிடும், ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்ப வேண்டாம். நட்டுகளை எதிரெதிராகத் தளர்த்திய பிறகு, மூடியை உங்கள் பக்கம் இல்லாமல் எதிர்ப்பக்கம் ஒரு விரல் அளவு மட்டும் தூக்குங்கள். மிச்ச ஆவி உங்களைவிட்டு விலகிப் போகும். முன்பக்கம் கதவு திறக்கும் வகை என்றால், கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று ஒரு விரலளவு திறந்துவிட்டுப் பத்து நிமிடம் வேறு வேலையைப் பாருங்கள். திரவம் 80 டிகிரிக்குக் கீழே வந்தபின் எடுப்பதே பாதுகாப்பு. எடுத்த பாட்டிலைக் குளிர்ந்த கல்மேடையில் நேராக வைக்காதீர்கள், அடி விரிசல் விடும்.

கைக்கு முழங்கை வரை மூடும் வெப்பம் தாங்கும் உறை, முகத்துக்கு முழுத் தடுப்பு, உடம்புக்குக் கோட், காலுக்கு மூடிய காலணி. ஆய்வகத்தில் எப்போதும் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறை இதற்கு உதவாது, சூடு பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உறை நனைந்திருந்தால் வேறு உறையை எடுங்கள். ஈரத் துணி வெப்பத்தை நேராகக் கடத்திவிடும், என் மணிக்கட்டைக் கேட்டால் சொல்லும்.

வேலை நடந்ததா என்று எப்படித் தெரியும்?

பொட்டலத்தில் ஒட்டும் இன்டிகேட்டர் டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டால் எல்லாம் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கோடு சொல்வது, இந்தப் பொட்டலம் சூட்டைப் பார்த்திருக்கிறது என்பதை மட்டும்தான். எத்தனை நிமிடம் பார்த்தது என்றோ, பொட்டலத்தின் நடுவில் என்ன நடந்தது என்றோ சொல்லாது. சுத்தம் செய்ததையும் செய்யாததையும் மேசையில் குழப்பிக்கொள்ளாமல் இருக்க அது உதவும், அவ்வளவே.

நம்பக்கூடிய சோதனை, கொல்லக் கடினமான ஒரு கிருமியையே உள்ளே அனுப்பிப் பார்ப்பது. ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அடங்கிய சிறு குப்பிகள் கிடைக்கின்றன. ஒன்றை, சூடு கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில், அதாவது பெரிய பையின் நடுவில் வையுங்கள். சுற்று முடிந்ததும் அதையும், ஆட்டோகிளேவில் வைக்காத இன்னொரு குப்பியையும் 55 முதல் 60 டிகிரியில் அடைகாக்க வேண்டும். இது வெப்பம் விரும்பும் கிருமி, நம் உடம்புச் சூட்டில் சரியாக வளராது. வைக்காத குப்பி நிறம் மாறி, வைத்தது மாறாமல் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. இரண்டுமே மாறவில்லை என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். குப்பிகளே செத்தவையாக இருக்கலாம், சோதனை செல்லாது.

ஒவ்வொரு சுற்றுக்கும் பதிவேட்டில் தேதி, உள்ளே வைத்தது, எட்டிய வெப்பம், நின்ற நேரம், இயக்கியவர் பெயர் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். வெப்பம் ஏற வழக்கமாக இருபது நிமிடம் எடுத்தது இப்போது முப்பத்தைந்து எடுக்கிறது என்பதெல்லாம் அந்தப் பக்கங்களைப் புரட்டினால்தான் கண்ணில் படும். நாள் முடிவில் சிந்திய மீடியாவைத் துடைத்து, அழுக்கான நீரை வடித்து, கேஸ்கெட்டை ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, மூடியை இறுக்காமல் சும்மா சாத்தி வையுங்கள். இரவெல்லாம் முறுக்கி வைத்தால் கேஸ்கெட் நசுங்கி, மறுநாள் காலை முதல் சுற்றிலேயே சீறத் தொடங்கும்.